தனிக்கம்பி

உறையூரில், சாலை ரோட்டிலிருந்து பிரியும் தெருக்களுள் ஒன்றில் (சாலை என்றாலும் ரோடு என்றாலும் ஒன்றுதானே என்று கேட்கக்கூடாது, திருச்சியில் அது சாலை ரோடுதான்) ஒரு கிரில் கடை இருக்கிறது. பெயர் வேண்டாம். பெயர்ப்பலகையைப் பார்த்து அங்கே போகிறவர் எவருமில்லை. புகையைப் பார்த்துத்தான் போகிறார்கள். உள்ளே நான்கு மேசைகள், நடைபாதையில் இரண்டு. வாசலிலேயே அடுப்பு. அடுப்புக்குப் பக்கத்தில், கூடு கழன்ற பழைய மேசை விசிறி ஒன்று. கரியை ஊதிவிடுவதுதான் அதன் ஓய்வுக்கால வேலை.

இரண்டாம் சனிக்கிழமைதோறும் நாங்கள் நால்வர் கூடுவோம். எங்களில் ஒருவருக்கு உறையூர், ஒருவருக்குப் பொன்மலை, ஒருவருக்குப் பாலக்கரை, ஒருவருக்கு ஸ்ரீரங்கம். உறையூர்க்காரர் வீட்டு மொட்டைமாடியில் ஏதேனும் ஒரு நூலை எடுத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் வாசிப்போம். அதன்பிறகு நடந்து அந்தக் கடைக்குப் போவோம். வாசிப்பதற்காகச் சாப்பிடுகிறோமா, சாப்பிடுவதற்காக வாசிக்கிறோமா என்பது எங்கள் வீடுகளில் நெடுநாளாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி.

கடையின் மாஸ்டர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். பதினோரு வருடம் ஷார்ஜாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். திருச்சி விமானநிலையத்தின் வழியாக வளைகுடாவுக்குப் போனவர்கள் பணம் அனுப்பினார்கள், தங்கம் கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அவர்கள் கைப்பழக்கங்களையும் கொண்டுவந்தார்கள் என்பதற்கு இந்த அடுப்பு சாட்சி. அவர் போடுவது 'அல்ஃபஹம்'. அரபு மொழியில் ஃபஹம் என்றால் கரி. கோழியின் பெயரும் இல்லை, மசாலாவின் பெயரும் இல்லை. நெருப்பின் பெயரையே உணவுக்கு வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வாயுச் சுடருக்கு முன்னால் சுழன்றுகொண்டிருக்கும் கிரில் கோழியை அவர் மதிப்பதில்லை. "அது வேகுது சார், சுடல" என்பார். நாங்கள் கேட்ட இலக்கிய விமரிசனங்களில் இத்தனை சுருக்கமானவை குறைவு.

கோழியை முதுகில் பிளந்து தட்டையாக்கி, சதையில் ஆழக் கீறி, மசாலாவில் ஊறவைத்து, இரண்டு கம்பிவலைகளுக்கு நடுவே இறுக்கி, கரியின்மேல் புரட்டிப் புரட்டிச் சுடுவது அவருடைய முறை. கரி மாலை ஐந்து மணிக்கே மூட்டப்பட்டுவிடும். ஆனால் அது கறுப்பாக இருக்கும்வரை எதையும் மேலே வைக்கமாட்டார். சாம்பல் படர்ந்து, உள்ளே மட்டும் சிவந்து, பார்த்தால் அணைந்துவிட்டதோ என்று ஐயப்படும் நிலைக்கு வரவேண்டும். பிறகு கொழுப்பு உருகிக் கரிமேல் சொட்டும். சொட்டியது புகையாக எழுந்து மீண்டும் சதையிலேயே படியும். அந்தப் புகைதான் ருசி. கரி, இராமநாதபுரம் சிவகங்கைப் பக்கத்துச் சீமைக்கருவேலம். மண்ணைக் கெடுத்தது, நீரை உறிஞ்சியது என்று நாம் ஏசுகிற அதே மரத்தை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி, காற்றுப் புகாமல் நாள்கணக்கில் புகையவிட்டு, மூட்டம் பிரித்து எடுக்கிற கரி. அந்த வறண்ட பூமியில் எத்தனையோ குடும்பங்களுக்கு இதுவே வருமானம்.

உறையூருக்குப் புகை புதிதன்று. ஆங்கிலேயர் காலத்தில் இவ்வூர்ச் சுருட்டு கடல்கடந்து போயிற்று. 1887இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே, கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைக்கொண்டு அது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். ஆனால் நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்வது இதைவிடப் பழைய புகையைப் பற்றி. பத்துப்பாட்டில் பொருநராற்றுப்படையை நான்கு மாதங்கள் வாசித்தோம். பசியோடு வந்த பொருநனைக் கரிகாலன் எதிர்கொண்டு, புத்தாடை உடுத்தி, வேகவைத்த இறைச்சியும் இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியும் தின்னச் சொல்கிறான். சூடு தாங்காமல் வாயின் இடப்பக்கமும் வலப்பக்கமுமாக அதை மாற்றி மாற்றித் தின்கிறார்கள். பகலும் இரவும் தின்று, காட்டு நிலத்தை உழுது தேய்ந்த கொழுவைப்போலப் பற்கள் மழுங்கிப்போகின்றனவாம். இதை எழுதிய முடத்தாமக்கண்ணியார் சுட்ட இறைச்சியை ஆறுவதற்குமுன் வாயில் போட்டவராகத்தான் இருக்கவேண்டும். கேள்விப்பட்டு எழுதக்கூடிய செய்தியன்று அது. சோழர் தலைநகராயிருந்த உறையூரில், நடைபாதை மேசையில், மாஸ்டர் கொண்டுவந்து வைத்த தட்டில் கைவைத்துச் சுட்டுக்கொள்ளும்போதெல்லாம் எங்களில் எவராவது ஒருவர் "இடமும் வலமும்" என்பார். மற்றவர் சிரிப்போம். இப்படிப்பட்ட நகைச்சுவையில் மகிழ்வதற்கு இலக்கிய வாசிப்பு என்னும் நோய் முற்றியிருக்க வேண்டும்.

கம்பிக்கு அந்தப் பாட்டில் 'காழ்' என்று பெயர். இந்தக் கட்டுரை ஒரு காழைப் பற்றியது.

எங்கள் ஸ்ரீரங்கத்து நண்பர் உத்தர வீதியில் பிறந்து வளர்ந்த வைணவர். இறைச்சி உண்ணாதவர், முட்டையும் இல்லை. (வெங்காயத்தையும் பூண்டையும் விலக்குவதைக் கல்லூரி விடுதியிலேயே கைவிட்டுவிட்டார்.) முதல் மாதம் நாங்கள் தயங்கினோம். அவருக்காகச் சைவ உணவகத்துக்கே போய்விடலாம் என்று ஏகமனதாக முடிவெடுத்தோம். அவர் மறுத்தார். "திருவானைக்காவில் நெய் ரோஸ்ட் சாப்பிட உங்களை நான் கூட்டிக்கொண்டு போகிறேன். அது வேறு நாள். இங்கே நீங்கள் சாப்பிடுவதைச் சாப்பிடுங்கள். எனக்கு ஏதாவது கிடைக்கும்." ரோஸ்ட் என்ற சொல்லே காவிரிக்கு அக்கரையில் ஒன்றையும் இக்கரையில் வேறொன்றையும் குறிக்கிறது. கறியும் அப்படித்தான். அவர்கள் வீட்டில் வாழைக்காயும் புடலங்காயும் கறியமுது ஆகும். எங்கள் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை கறி என்றால் அது ஆட்டுக்கறி, விளக்கம் தேவையில்லை.

கிடைத்தது பன்னீர். மாஸ்டரிடம் அவர் மெல்லிய குரலில், "தனிக் கம்பி இருக்குமா?" என்று கேட்டார். மாஸ்டர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் புதிய கம்பி ஒன்றை எடுத்துவந்து, கழுவி, பன்னீரும் குடைமிளகாயும் கோத்து, அடுப்பின் ஓரத்தில் இரண்டு செங்கல் வைத்து அவற்றின்மேல் சாய்த்துச் சுட்டுக்கொடுத்தார். அடுத்த மாதம் போனபோது அந்தக் கம்பியின் பிடியில் செப்புக்கம்பிச் சுருள் ஒன்று சுற்றப்பட்டிருந்தது, அடையாளத்துக்கு. சுவரில் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டியிருந்தார். மாதம் ஒருமுறை வரும் ஒருவருக்காக. "அது சைவ சார் கம்பி. தொடாதே" என்று உதவிப் பையனிடம் அவர் சொல்வதை நாங்கள் கேட்டிருக்கிறோம். கேட்டு, எங்கள் ஊரைப் பற்றிப் பெருமிதமும் கொண்டிருக்கிறோம்.

நண்பர் எங்களைவிட உற்சாகமாக அந்தக் கடையை நேசித்தார். 2022 செப்டம்பரில் காவிரிப் பாலத்தின் பழுதுபார்ப்பு தொடங்கி 2023 மார்ச்சில் முடிந்தது. போக்குவரத்தை மாற்றிவிட்டிருந்த மாதங்களில், சென்னை பைபாஸ் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. புறநானூற்றில் தம்மை அந்தணன் என்றே சொல்லிக்கொள்ளும் கபிலர், இறைச்சியும் சோறும் உண்பதைத் தவிர வேறு வருந்தும் தொழிலறியாததால் தம் கை மென்மையாக இருக்கிறது என்று சேர மன்னனிடம் சொல்லும் பாட்டை எங்களுக்கு எடுத்துக்காட்டியவரே அவர்தான். "எங்கள் மரபு எங்கேயிருந்து எங்கே வந்திருக்கிறது பாருங்கள்" என்று பன்னீரைக் கடித்துக்கொண்டே சிரித்தார். வீட்டில் மட்டும் கொஞ்சம் சிரமம். சட்டையில் புகைநாற்றத்தோடு இரவு பத்தரைக்குப் போய் நின்றால் மனைவி கதவைத் திறக்கச் சற்றே தாமதிப்பாராம். அதற்கு அவர் சொல்லும் சமாதானம் எங்களுக்கு மனப்பாடம். ஆண்டுதோறும் பங்குனியில், ஆயில்ய நாளில், நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு வந்து கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி சேவை கொடுத்துவிட்டுப் போகிறார். திரும்பிப் போனபின், பங்குனி உத்திரத்தன்று ரங்கநாச்சியார் கதவைச் சாத்துகிறார். மோதிரம் எங்கே என்று கேள்வி. பூவும் பழமும் வெண்ணெயும் மேலே வந்து விழுகின்றன. நம்மாழ்வார் நடுவில் புகுந்து சமாதானம் செய்துவைக்க வேண்டியிருக்கிறது. "உறையூர் போய்விட்டு வந்தால் பெருமாளுக்கே இந்தக் கதி. நான் எம்மாத்திரம்?"

நிற்க. அடுத்து நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் 2021க்குப் போகவேண்டும். அவ்வாண்டு அவருடைய தந்தையார் காலமானார். நாங்கள் மூவரும் துக்கம் விசாரிக்கப் போயிருந்தோம். திண்ணையில் அமரவைத்தார்கள். உள்ளிருந்து காகிதக் கோப்பையில் காப்பி வந்தது. குடித்துவிட்டுக் கோப்பையை நாங்களே வாசலோரக் கூடையில் போட்டோம். சிறிது நேரம் பேசிவிட்டுத் திரும்பினோம். அன்று பாலம் கடக்கும்வரை மூவரும் அவருடைய தந்தையாரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம், அல்லது அப்படித்தான் எங்களில் இருவர் நினைத்துக்கொண்டிருந்தோம்.

2024 கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, ஆழ்வார்கள் வரிசையில் திருப்பாணாழ்வாருக்கு வந்திருந்தோம். நண்பர்தான் பேசினார், அழகாகப் பேசினார். உறையூரில் பாணர் குலத்தில் தோன்றியவர். தீவுக்குள் காலடி வைக்க உரிமையில்லாத குலம் என்பதால் காவிரியின் தென்கரையில் நின்றபடியே யாழை மீட்டி அரங்கனைப் பாடியவர். நீர் எடுக்க வந்த லோகசாரங்கர் விலகச் சொன்னபோது பாட்டில் மெய்ம்மறந்திருந்த அவர் காதில் அது விழவில்லை. கல்லெறிகிறார், நெற்றியில் குருதி. கோயிலுக்குப் போனால் பெருமாள் நெற்றியிலும் குருதி. பிறகு அவரைத் தோளில் சுமந்துவரும்படி பெருமாளின் ஆணை. தோளில் அமர்ந்தபடி ஆற்றைக் கடந்து, சந்நிதி சேர்ந்து, பத்தே பாசுரங்கள் பாடி அரங்கனில் கலந்தார் என்று மரபு சொல்கிறது. பொருநராற்றுப்படையில் அரசனின் கையால் சுட்ட இறைச்சி வாங்கித் தின்ற கூட்டத்துக்கு உறவான ஒருவன், சில நூற்றாண்டுகள் கழித்து அதே ஊரில் ஆற்றைக் கடக்க அனுமதியில்லாமல் நிற்கிறான் என்று பாலக்கரைக்காரர் சொன்னார். மொட்டைமாடியில் சற்று நேரம் எவரும் பேசவில்லை.

கடைக்குப் போனோம். தட்டுகள் வந்தன. மாஸ்டர் செப்புச் சுருள் கம்பியோடு வந்து, பன்னீரை நண்பரின் தட்டில் உருவிவிட்டார். அப்போது பொன்மலைக்காரர் கேட்டார்: "உங்க வீட்ல எங்களுக்குன்னு ஒரு கம்பி மாட்டி வெச்சிருக்கீங்களா சார்?"

முதலில் நாங்கள் சிரித்தோம். வேடிக்கை என்று நினைத்துவிட்டோம். அந்தச் சிரிப்பு இன்றும் எங்களுக்குக் கூசுகிறது.

நண்பருக்குப் புரியவில்லை. காகிதக் கோப்பையைப் பற்றிப் பொன்மலைக்காரர் சொன்னார். நண்பர் திகைத்துப்போய், "அது கொரோனா நேரம். ஊரெல்லாம் பேப்பர் கப்தானே?" என்றார். உண்மைதான். அந்த ஆண்டில் எல்லா வீடுகளிலும் அப்படித்தான் இருந்தது. பொன்மலைக்காரர் தலையாட்டினார். "நாங்க இருக்கும்போதே உங்க சித்தப்பா வந்தார். அவரும் வெளியூர்லேருந்து வந்தவர்தான். அவருக்கு உள்ளேயிருந்து எவர்சில்வர் டம்ளர் வந்தது. கொரோனா அவரைத் தெரிஞ்சு வெச்சிருந்ததா?"

நண்பரிடம் பதிலில்லை. எங்களில் மற்ற இருவருக்கும் அந்த டம்ளர் நினைவிலேயே இல்லை. அன்று மூவரும் ஒரே மாதிரிக் கோப்பையில்தான் குடித்தோம். ஆனால் அதைக் கோப்பையாக மட்டும் பார்த்துவிட்டு மறந்துபோகும் வசதி எங்களில் இருவருக்கு இருந்தது, ஒருவருக்கு இல்லை. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த கிராமத்தில் அவருடைய தாத்தா வாழ்ந்தார். கொட்டாங்கச்சியில் தேநீர் வாங்கிக் குடித்த கதையைக் கேட்டு வளர்ந்தவர் அவர். நாங்கள் அதை நூல்களில் படித்திருக்கிறோம்.

ஏதாவது சொல்லவேண்டுமே என்று பாலக்கரைக்காரர், "இந்தக் கம்பியும் தனிதானே? இதை நாம் மரியாதை என்றுதானே நினைக்கிறோம்?" என்றார். சமாதானம் செய்வதாக எண்ணித்தான் சொன்னார்; எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. பொன்மலைக்காரர் குரலை உயர்த்தாமலே சொன்னார்: "இந்தக் கம்பி அவர் கேட்டது. அந்தக் கப்பு நான் கேக்காதது. அதுகூடப் போகட்டும். கம்பியில பட்டுடக் கூடாதுன்னு பாக்குறது கறி. டம்ளர்ல பட்டுடக் கூடாதுன்னு பாத்தது என் உதடு."

நண்பர் எழுந்து கை கழுவினார். பன்னீர் தட்டிலேயே இருந்தது. மாஸ்டரிடம் பணம் கொடுத்துவிட்டு, எங்களிடம் "வரேன்" என்று மட்டும் சொல்லி வண்டியை எடுத்தார்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. மார்கழி, பகல்பத்து இராப்பத்து என்று காரணம் இருந்தது. தையில் காரணம் சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை. மாசியிலும் வரவில்லை. மூவராக வாசித்தோம். மூவராகக் கடைக்குப் போனோம். உண்மையைச் சொன்னால், எங்களுக்குள்ளேயே வழக்கு தீரவில்லை. பொன்மலைக்காரர் சொன்னது சரி என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அம்மாவின் செயலுக்கு மகனை மேசையில் வைத்து விசாரிக்கலாமா, அதுவும் மூன்று ஆண்டுகள் கழித்து, என்று உறையூர்க்காரர் கேட்டார். "மூன்று ஆண்டுகள் சொல்லாமலிருந்ததுதான் என் தப்பு" என்று பொன்மலைக்காரர் ஒப்புக்கொண்டார். 2012இல் ஸ்ரீரங்கத்தில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் இருந்ததை எதிர்த்துத் திராவிடர் கழகத்தார் போராடினார்கள். பலகையில் எழுதியிருந்தால் போராடலாம். திண்ணைக்கு வந்து சேரும் காகிதக் கோப்பையில் எதுவும் எழுதியிருக்காது. அதை எடுத்துவைத்த கைக்கே தான் செய்தது என்னவென்று தெரிந்திராமலும் இருக்கலாம்.

"அந்த சைவ சார் ஊர்ல இல்லையா?" என்று மாஸ்டர் ஒவ்வொரு முறையும் கேட்டார். கம்பி ஆணியிலேயே தொங்கியது. புகைபட்டுச் செப்புச்சுருள் கறுத்துக்கொண்டு வந்தது.

2025 பங்குனியில் நம்பெருமாள் உறையூருக்கு எழுந்தருளிய நாளில், நாங்கள் நாச்சியார் கோயில் பக்கம் போயிருந்தோம். பொன்மலைக்காரரும் வந்தார், அவருக்குக் கோயில் பழக்கமில்லை, கூட்டம் பார்க்கப் பிடிக்கும். மாலையில், நெரிசலுக்கு நடுவே, பன்னிரு திருமண் காப்பும் பஞ்சகச்சமுமாக நண்பரைக் கண்டோம். இந்தக் கோலத்தில் அவரை நாங்கள் பார்த்ததேயில்லை. அவரும் எங்களைப் பார்த்துவிட்டார். நேராக வந்தவர் பொன்மலைக்காரரிடம்தான் பேசினார். "அம்மா உங்களை வரச் சொன்னா. மூணு பேரையும். ஞாயித்துக்கிழமை, மத்தியானம் சாப்பாட்டுக்கு."

"அம்மா சொன்னாங்களா, நீங்க சொல்லச் சொன்னீங்களா?" என்று பொன்மலைக்காரர் கேட்டார்.

நண்பர் சற்று யோசித்தார். "ரெண்டு மாசம் பேசினேன். கடைசியில் அம்மாதான் சொன்னா."

ஞாயிற்றுக்கிழமை போனோம். திண்ணையைத் தாண்டி, ரேழியைத் தாண்டி, கூடத்தில் பாய் விரித்திருந்தது. நண்பரும் எங்களோடு வரிசையில் உட்கார்ந்தார். வாழையிலை போட்டு, அவருடைய மனைவி பரிமாறினார். சாத்தமுது, வாழைக்காய்க் கறியமுது, திருக்கண்ணமுது. அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. தூணோரம் நாற்காலியில் அமர்ந்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்கோ, வெக்கப்படாதீங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. மன்னிப்பும் இல்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் பொய்யாகும், எதிர்பார்த்தோம்.

ஒவ்வோர் இலைக்கு அருகிலும் ஒரே மாதிரியான எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் எல்லாரும் அண்ணாந்துதான் குடிப்பார்கள். நண்பரும் அப்படியே குடித்தார். நாங்கள் இருவரும் அவரைப் பார்த்து அண்ணாந்தோம், சட்டையெல்லாம் நனைந்தது. பொன்மலைக்காரர் டம்ளரை எடுத்து, வாயில் வைத்து, நிதானமாகக் குடித்தார். கூடத்தில் எல்லாரும் அதைப் பார்த்தோம். அம்மாவும் பார்த்தார். மருமகளைத் திரும்பிப் பார்த்து, "அவருக்குத் தீர்த்தம் தீர்ந்துபோச்சு பார்" என்றார். மருமகள் சொம்பைக் கொண்டுவந்து அதே டம்ளரில் ஊற்றினார்.

சாப்பிட்டு முடித்ததும் நண்பர் எங்கள் இலைகளை எடுக்கக் குனிந்தார். பொன்மலைக்காரர் தம் இலையை விடவில்லை. "என் இலையை நான் எடுப்பேன்." "எங்காத்துல விருந்தாளி எடுக்கப்படாது." இருவரும் இலையின் இரண்டு ஓரங்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சாத்தமுது வழிந்து பொன்மலைக்காரர் வேட்டியில் சொட்டியது. அம்மா சிரித்துவிட்டார். கடைசியில் இலை யார் கையில் போயிற்று என்பதில் எங்களுக்குள் இன்றும் ஒருமித்த கருத்தில்லை. அந்த டம்ளர்களை நாங்கள் போனபிறகு என்ன செய்தார்கள் என்று நண்பர் சொல்லவில்லை, பொன்மலைக்காரரும் கேட்கவில்லை. திரும்பும் வழியில், பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, மணலைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். "அந்தம்மா கைல தெம்பு இருந்தா அவங்களே ஊத்தியிருப்பாங்களா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றோம்.

சித்திரை மாதச் சனிக்கிழமை நண்பர் மாடிக்கு வந்துவிட்டார். என்ன வாசித்தோம் என்பது நினைவில்லை. கடைக்குப் போனோம். மாஸ்டருக்கு அவரைக் கண்டதும் முகமெல்லாம் பல். அவரிடம் சொல்ல ஒரு செய்தியும் இருந்தது. அந்த ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு, பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழக அரசு தடைசெய்திருந்தது. சால்மொனெல்லா போன்ற கிருமிகளால் உணவு நஞ்சாகிறது என்பது காரணம். "இப்ப முட்டையில்லாத மயோனைஸ்தான் சார் போடறேன். நீங்களும் தொட்டுக்கலாம். கவர்மெண்டே உங்களுக்காகச் செஞ்ச மாதிரி இருக்கு." இத்தனை ஆண்டுகள் புதினாச் சட்னியோடு குபூஸைத் தின்றுகொண்டிருந்த நண்பர், அந்த வெள்ளைக் கிண்ணத்தை ஐயத்தோடு பார்த்தார். விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார். "இதுக்கா இவ்வளவு நாள் ஏங்கினேன்?" என்றார்.

அன்று கூட்டம் அதிகம். உதவிப் பையன் புதியவன். பன்னீரைக் கையில் கிடைத்த கம்பியில் கோக்கப் போனான். நண்பர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வாய் திறக்கவில்லை, திறக்கலாமா என்று அவருக்கே தெரியவில்லை போலும். எங்களில் இருவரும் எங்கள் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தம்பி, அது இல்ல" என்றார் பொன்மலைக்காரர். எழுந்துபோய் ஆணியிலிருந்து செப்புச்சுருள் கம்பியை எடுத்து, தண்ணீர்க் குழாயடியில் புகைக்கறை போகத் தேய்த்துக் கழுவி, பையனிடம் கொடுத்தார். "சாரோட கம்பி இது."

பன்னீர் அன்று ஓரமெல்லாம் கருகியிருந்தது. பையனுக்கு இன்னும் கரி பிடிபடவில்லை. நண்பர் ஒரு துண்டை வாயில் போட்டு, சூடு தாங்காமல் இடப்பக்கமும் வலப்பக்கமுமாக மாற்றிக்கொண்டிருந்தார். வழக்கமான நகைச்சுவையை அன்று எவரும் சொல்லவில்லை. பொன்மலைக்காரர் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.